வாய்க் கோழைக் கட்டிகளின் மருத்துவக் கூறுகளும் திசுக் கூறுகளும்: காவிரிப் படுகைச் சூழலில் ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

உதட்டின் உட்புறத்தில் நீர்க்குமிழி போலத் தோன்றும் கோழைக் கட்டி, வாயில் பரவலாகக் காணப்படும் தீங்கற்ற வீக்கங்களுள் ஒன்றாகும். சிற்றுமிழ்நீர்ச் சுரப்பியின் நாளம் சிதைந்து கோழை திசுவுக்குள் கசிவதாலோ, நாளத்துள் கோழை தேங்குவதாலோ இது உருவாகிறது. இவ்விரு வகைகளையும் வெளித்தோற்றத்தால் பிரித்தறிய இயலாது. நுண்ணோக்கியின்கீழ்த் திசுவை ஆராய்ந்தே அறிய இயலும். வெற்றிலை, பாக்கு, புகையிலை ஆகியவற்றை மெல்லும் வழக்கம் நிலவும் தஞ்சைப் பகுதியில் தீங்கற்ற கட்டியைப் புற்றெனக் கருதி அஞ்சுவதும், சுரப்பிப் புற்றை வெறும் நீர்க்கட்டியெனக் கருதி விடுவதும் நேரக்கூடிய இரு பிழைகள். கட்டி தோன்றும் இடமும் அதன் திசு அமைப்புமே இவ்விரு பிழைகளையும் தவிர்க்கும் வழிகள் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: கோழைக் கட்டி, உமிழ்நீர்ச் சுரப்பி, கசிவு வகை, தேக்க வகை, ரானுலா, திசு ஆய்வு, வெற்றிலை, தஞ்சாவூர்.

முன்னுரை

காவிரிப் படுகையின் வாழ்வியலில் வெற்றிலைக்குத் தனித்த இடம் உண்டு. கும்பகோணம், திருவையாறு வட்டாரக் கொடிக்கால்களில் விளையும் வெற்றிலையும் சீவலும் மங்கல நிகழ்வுகளின் தாம்பூலத் தட்டில் இடம்பெறுவதோடு, நடவும் அறுவடையும் நிகழும் வயல்களில் உழைப்போரின் இடைவேளைத் துணையாகவும் இருந்துவருகின்றன. கும்பகோணம் வெற்றிலை 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. இவ்வழக்கத்திற்கு மறுபக்கமும் உண்டு. உலக நலவாழ்வு நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில், பாக்கு மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என வகைப்படுத்தப்பட்டது. புகையிலை சேராத தாம்பூலமும் அவ்வகைப்பாட்டிலிருந்து தப்பவில்லை.

இத்தகைய சூழலில் வாயில் தோன்றும் ஒவ்வொரு கட்டியும் இரண்டு எதிரெதிர் மனநிலைகளைத் தூண்டக்கூடும். ஒன்று அச்சம், மற்றொன்று அலட்சியம். வெற்றிலை மெல்லும் ஒருவர் உதட்டில் திடீரெனத் தோன்றிய மென்மையான வீக்கத்தைப் புற்றெனக் கருதி நிலைகுலையலாம். அதே பழக்கமுடைய மற்றொருவர், கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால் மெல்ல வளரும் நீலநிற வீக்கத்தைக் கொப்புளம் என்று எண்ணி மாதக்கணக்கில் விட்டுவிடலாம். முன்னவருக்கு உள்ளது எளிதில் நீங்கும் கோழைக் கட்டியாக இருக்கலாம். பின்னவருக்கு உள்ளது உமிழ்நீர்ச் சுரப்பியின் புற்றாக இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் தோற்றத்தில் ஒத்திருக்கும் இவை எவ்வாறு வேறுபடுகின்றன என்பதே இக்கட்டுரையின் மையப்பொருள்.

1. பெயரும் பொருளும்

இக்கட்டி மருத்துவ உலகில் மியூகோசீல் எனப்படுகிறது. இச்சொல்லின் முதற்பகுதி கோழையையும், கிரேக்க வழிவந்த இரண்டாம் பகுதி வீக்கத்தையும் குறிக்கும். அவ்வகையில் கோழை வீக்கம் என்பதே சொல்லுக்கு நேரான பொருள். சிஸ்ட் என்னும் சொல்லோ பை என்னும் பொருளுடையது. நோய்க்குறியியலில் ஒரு பை உண்மையான பையாகக் கொள்ளப்பட வேண்டுமானால், அதன் உட்சுவரைப் புறப்படலச் செல்கள் போர்த்தியிருத்தல் வேண்டும். வாய்க் கோழைக் கட்டிகளுள் பெரும்பான்மையானவற்றில் அத்தகைய உட்போர்வை இல்லை. ஆகவே அவை பை போலத் தோன்றும் போலிப் பைகளே.

தமிழில் இந்நீர்மத்தைக் குறிக்கச் சளி, கோழை, சீதம் ஆகிய மூன்று சொற்கள் வழங்குகின்றன. பேச்சுவழக்கில் சளி என்பது மூக்கு, மார்பு தொடர்பான நோயையும், சீதம் என்பது பெரும்பாலும் வயிற்றுப்போக்கையும் நினைவூட்டும். தமிழகப் பாடநூல்களில் உயிரியல் கலைச்சொல்லாக நிலைபெற்ற கோழை என்னும் சொல் இக்குழப்பத்திற்கு ஓரளவு இடந்தராதது. எனவே இக்கட்டுரை கோழைக் கட்டி என்பதைப் பொதுப்பெயராகவும், கசிவு வகை, தேக்க வகை என்பவற்றை அதன் பிரிவுகளாகவும் கொள்கிறது. நீர்க்கட்டி என்னும் மக்கள் வழக்கு எளிமையானதே. எனினும் கருப்பை முதல் மூளை வரை பல உறுப்புகளில் தோன்றும் வெவ்வேறு நோய்களுக்கும் அதே பெயர் வழங்குவதால் அது நோயைச் சுட்டுவதற்குப் போதுமானதன்று.

மேலை மருத்துவத்தைத் தமிழில் எழுதும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் பிஸ்க் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே உடற்கூற்றியல், அறுவை மருத்துவம் உள்ளிட்ட துறைநூல்களைத் தமிழாக்கி வெளியிட்டார். நோயின் பெயர் அதன் இயல்பைப் பிழையின்றிக் காட்டவேண்டும் என்னும் தேவை அன்றுபோலவே இன்றும் உள்ளது.

2. மரபு மருத்துவத்தில் வாய்க் கட்டிகள்

வாயில் தோன்றும் நீர்மக் கட்டிகளை இந்திய மரபு மருத்துவ நூல்கள் கவனித்துள்ளன. சுசுருத சம்கிதை உதடு, பல்லீறு, பல், நாக்கு, அண்ணம், தொண்டை, முழுவாய் என ஏழு இடங்களைக் கொண்டு வாய் நோய்களை 65 ஆக வகுக்கிறது. அவற்றுள் உபசிக்விகை என்பது நாக்கின் அடியில் தோன்றி, நாக்கை மேலே உயர்த்தி, மற்றொரு நாக்கின் நுனிபோலக் காட்சிதரும் வீக்கமாகும். இக்கால அறிஞர் இதனை வாய்த்தளத்தில் தோன்றும் ரானுலா என்னும் கோழைக் கட்டியோடு ஒப்பிடுவர். வாக்படரின் அட்டாங்க இருதயம் உதட்டு நோய்களுள் சலார்புதம் என்பதனைச் சேர்த்து, நீர்க்குமிழி போன்ற அவ்வீக்கத்திற்கு வளியும் ஐயமும் காரணம் என்கிறது. உதடு என்னும் இடம், நீர்க்குமிழி என்னும் தோற்றம் ஆகிய இரண்டும் உதட்டுக் கோழைக் கட்டியோடு பொருந்தக் காணலாம்.

இடத்தை முதன்மையாகக் கொண்ட இவ்வகைப்பாடு கருதத்தக்கது. நோய்முதல் பற்றிய கொள்கை மாறியபோதிலும், வாயின் எப்பகுதியில் கட்டி தோன்றுகிறது என்னும் வினாவே இன்றைய மருத்துவத்திலும் முதல் வினாவாக நிற்கிறது.

தஞ்சாவூருக்கு இம்மரபில் சிறப்பிடம் உண்டு. 1798 முதல் 1832 வரை ஆட்சிபுரிந்த இரண்டாம் சரபோசி மன்னர் தன்வந்திரி மகாலை அமைத்து, பல்வேறு மருத்துவ முறைகளில் வல்லோரைக் கொண்டு மருந்துகளை ஆராயச் செய்தார். அவ்வாய்வின் பயனாக உருவான மருத்துவப் பாடல்கள் சரபேந்திர வைத்திய முறைகள் என்னும் வரிசையில் சரசுவதி மகால் நூலகத்தின் வழி நூல்களாக வெளிவந்தன. கண்நோயாளரின் நிலையையும் அவர்களுக்கு அளிக்கப்பட்ட மருத்துவத்தையும் ஓவியங்களுடன் பதிவுசெய்த குறிப்பேடுகளும் அந்நூலகத்தில் உள்ளன. நோயாளியின் நிலையை எழுத்திலும் படத்திலும் பதிந்து, மருத்துவத்தின் விளைவை அதனோடு ஒப்புநோக்கும் அந்நெறி, ஒரு கட்டியின் அளவையும் இடத்தையும் நிறத்தையும் பதிந்து, பின்னர்த் திசு ஆய்வின் முடிவோடு ஒப்பிடும் இன்றைய நெறிக்கு அயலானதன்று.

3. சுரப்பிகளின் அமைப்பும் கட்டி உருவாகும் முறையும்

வாயில் மூவிணைப் பெருஞ்சுரப்பிகளோடு, ஏறத்தாழ 600 முதல் 1,000 வரையிலான சிற்றுமிழ்நீர்ச் சுரப்பிகளும் பரவியுள்ளன. இவை உதடு, கன்னம், அண்ணம், நாக்கு, வாய்த்தளம் ஆகியவற்றின் உட்சவ்வுக்கு அடியில் சிறு மணிகளைப் போல் அமைந்திருக்கின்றன. மொத்த உமிழ்நீரில் இவற்றின் பங்கு சிறிதே எனினும், வாயை வழவழப்பாக வைத்திருக்கும் கோழையின் பெரும்பகுதி இவற்றிலிருந்தே கிடைக்கிறது. ஒவ்வொரு சுரப்பியும் தன் சுரப்பை ஒரு குறுகிய நாளத்தின் வழி வாய்க்குள் செலுத்துகிறது. அந்நாளம் மெல்லியது, உட்சவ்வின் மேற்பரப்புக்கு மிக அருகில் செல்வது.

கீழுதட்டைப் பற்கள் கடிக்கும்போதோ, அடிபட்டு உதடு நசுங்கும்போதோ இந்நாளம் அறுபடுகிறது. சுரப்பி தன் பணியை நிறுத்துவதில்லை. வாய்க்குள் வரவேண்டிய கோழை, அறுந்த முனையிலிருந்து சுற்றியுள்ள இணைப்புத்திசுவுக்குள் வழிகிறது. மடை உடைந்த வாய்க்காலின் நீர் வயலுக்குச் செல்லாமல் கரையோர மண்ணுள் ஊறித் தேங்குவதோடு இதனை ஒப்பிடலாம். இதுவே கசிவு வகை.

நாளம் அடைபடுவதே எல்லாக் கோழைக் கட்டிகளுக்கும் காரணம் என்னும் கருத்து நெடுங்காலம் நிலவியது. எஸ். என். பாஸ்கரும் அவருடைய உடன்பணியாளர்களும் 1956இல் வெளியிட்ட ஆய்வுகள் இக்கருத்தை மாற்றின. விலங்குகளின் உமிழ்நீர் நாளத்தைக் கட்டி அடைத்தபோது கோழைக் கட்டி தோன்றவில்லை; நாளத்தை அறுத்து, சுரப்பு திசுவுக்குள் செல்லவிட்டபோது மனிதரிடம் காணப்படுவதைப் போன்ற கோழைத் தேக்கம் உருவாயிற்று. அடைப்பைக் காட்டிலும் நாளச் சிதைவே முதன்மைக் காரணம் என்பது இதனால் வலுப்பெற்றது. அடைப்புக்கும் பங்கு உண்டு. உமிழ்நீர்க் கல், கட்டியான கோழை, அருகிலுள்ள வடுத்திசுவின் அழுத்தம் ஆகியவற்றால் நாளம் குறுகி, அதன் உள்ளறை விரிந்து பையாக மாறும்போது தேக்க வகை தோன்றுகிறது.

4. மருத்துவக் கூறுகள்

கோழைக் கட்டி எந்த வயதிலும் தோன்றலாம். எனினும் சிறாரிடமும் இளைஞரிடமுமே மிகுதி. 1,824 கட்டிகளை ஆராய்ந்து 2011இல் அமெரிக்காவில் வெளியான ஒரு மீளாய்வில் நோயாளரின் சராசரி வயது ஏறத்தாழ 25. கட்டிகளுள் 82 விழுக்காடு கீழுதட்டில் தோன்றியவை. வாய்த்தளம், நாக்கின் அடிப்பகுதி, கன்னம் ஆகிய ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 5 விழுக்காடு காணப்பட்டது. அண்ணத்திலும் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னுள்ள பகுதியிலும் தோன்றியவை மிகக் குறைவு. கட்டியின் சராசரி விட்டம் 0.8 செ.மீ. ஆக இருந்தது.

உதட்டுக் கட்டி பெரும்பாலும் நடுக்கோட்டிலிருந்து சற்று விலகி, கோரைப்பல் உதட்டைத் தொடும் இடத்தை ஒட்டித் தோன்றும். குவிமாடம் போன்ற வடிவமும், வழவழப்பான மேற்பரப்பும், தொட்டால் மெத்தென்று அசையும் தன்மையும் இதற்கு உண்டு. வலி பெரும்பாலும் இராது. மேற்பரப்பை ஒட்டியிருக்கும் கட்டி, கோழையின் ஊடே ஒளி சிதறுவதால் நீலநிறமாகத் தோன்றும். ஆழத்தில் இருப்பது இயல்பான உட்சவ்வின் நிறத்திலேயே காணப்படும். ஆகவே நீலநிறம் இல்லாமையைக் கொண்டு கோழைக் கட்டி அன்று என முடிவுசெய்தல் கூடாது.

நோயாளி கூறும் வரலாறு இந்நோயறிதலில் பெரிதும் உதவும். கட்டி சில நாள்களில் பெரிதாகி, உண்ணும்போது உடைந்து, பிசுபிசுப்பான நீர்மம் வெளியேறித் தட்டையாகி, சில வாரங்களில் மீண்டும் அதே இடத்தில் எழுந்தது என்னும் வரலாறு கோழைக் கட்டிக்கு உரியது. பலமுறை உடைந்து ஆறிய கட்டி, வடுத்திசு மிகுந்து, கெட்டியான வெண்ணிற முடிச்சாக மாறுவதுண்டு. அந்நிலையில் அதன் தொடக்க வரலாற்றைக் கேட்டறியாமல் அதனை இனங்காணுதல் கடினம்.

இடத்திற்கேற்பக் கட்டியின் இயல்பு மாறுபடுகிறது. நாக்கின் நுனிக்கு அடியில் உள்ள பிளாண்டின்–நூன் சுரப்பிகளிலிருந்து தோன்றுவது சிறாரிடமும் இளையோரிடமும் காணப்படும். காம்புடைய சிறு முடிச்சுபோல் தொங்கும். வாய்த்தளத்தில் நாவடிச் சுரப்பியிலிருந்து தோன்றும் பெரிய கட்டியே ரானுலா. தவளையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இப்பெயர், தவளையின் வயிற்றைப் போல் உப்பியிருக்கும் அதன் தோற்றத்தைச் சுட்டுகிறது. இக்கட்டி நாக்கை ஒருபுறம் தள்ளுவதால் பேச்சும் விழுங்குதலும் இடர்ப்படலாம். வாய்த்தளத் தசையின் இடைவெளியூடே கோழை கழுத்துக்கு இறங்கினால், வாய்க்குள் வீக்கமின்றிக் கழுத்தில் மட்டும் வீக்கம் தோன்றவும் கூடும். கழுத்து வீக்கத்தைக் காணும் மருத்துவர் வாயைத் திறந்து பார்ப்பதன் தேவையை இது உணர்த்துகிறது.

மென்னண்ணத்திலும் கன்னத்தின் பின்பகுதியிலும் தோன்றும் மேலோட்ட வகை தனியே கருதத்தக்கது. இது 1 முதல் 4 மி.மீ. அளவுள்ள தெளிவான கொப்புளங்களாகத் தோன்றி, உடைந்து, மேலோட்டமான புண்ணாகிச் சில நாள்களில் ஆறும், பின்பும் தோன்றும். உணவு நேரத்தில் சிலருக்கு மிகும். தற்காப்பு மண்டலக் கோளாறால் வரும் கொப்புள நோய்களோடு இதனைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு மிகுதி.

5. திசுக் கூறுகள்

அறுவையால் அகற்றிய கட்டி பார்மலின் கரைசலில் இடப்பட்டு, மெழுகில் பதிக்கப்பட்டு, மெல்லிய சீவல்களாக வெட்டப்பட்டு, ஏமடாக்சிலின்–இயோசின் சாயமேற்றி ஆராயப்படுகிறது. கசிவு வகையில் மூன்று கட்டங்களைக் காணலாம். முதற்கட்டத்தில் கோழை எல்லையின்றி இணைப்புத்திசுவின் நார்களுக்கிடையே பரவியிருக்கும்; வெள்ளணுக்கள் அதனைச் சூழத் தொடங்கியிருக்கும். இரண்டாம் கட்டத்தில் உடல் அக்கோழையை அயற்பொருளாகக் கொண்டு எதிர்வினையாற்றும். விழுங்குசெல்களும் பல்லுட்கரு மாபெருஞ்செல்களும் திரளும். மூன்றாம் கட்டத்தில் குருத்துத்திசுவும் நார்த்திசுவும் சுற்றிலும் சுவராக அமைந்து கோழையை ஓரிடத்தில் அடைக்கும். இச்சுவரின் உட்புறத்தில் புறப்படலப் போர்வை இராது. இதுவே போலிப் பை எனப்படுவதற்குரிய சான்று.

கோழையை உட்கொண்டு நுரைபோல் வெளிறிப் பருத்த விழுங்குசெல்கள் இவ்வகையின் அடையாளம். பி.ஏ.எஸ்., அல்சியன் நீலம், மியூசிகார்மைன் ஆகிய சாயங்கள் கோழையைத் தெளிவாகக் காட்டும். சீவல்களைத் தொடர்ச்சியாக ஆராயும்போது கோழைத் தேக்கத்தில் வந்து முடியும் சிதைந்த நாளத்தைக் காண நேர்வதும் உண்டு. அருகிலுள்ள சுரப்பியில் நாள விரிவு, நாட்பட்ட அழற்சி, சுரப்புச் செல்களின் தேய்வு, நாரிறுக்கம் ஆகியன காணப்படும்.

தேக்க வகையில் நிலை வேறு. விரிந்த நாளமே பையாக நிற்பதால், கனசதுர அல்லது தூண் வடிவப் புறப்படலச் செல்களோ தட்டைச் செல்களோ அதன் உட்சுவரைப் போர்த்தியிருக்கும். கோழை பைக்குள்ளேயே அடங்கியிருப்பதால் சுற்றுத்திசுவில் அழற்சி குறைவு. இவ்வகை முதியோரிடம் மிகுதி. கன்னம், வாய்த்தளம், மேலுதடு முதலிய இடங்களிலும் தோன்றும். இரு வகைகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றே. கட்டியைக் கண்ணால் கண்டு தேக்க வகையென்றோ கசிவு வகையென்றோ எழுதும் குறிப்பு ஊகமேயன்றி முடிவாகாது.

திசுவை ஆராய்வோருக்கும் எச்சரிக்கை தேவைப்படும் இடங்கள் உள்ளன. நுரைத்த விழுங்குசெல்கள், மியூகோஎபிடெர்மாய்டு புற்றில் காணப்படும் கோழைச் செல்களை ஒத்திருக்கும். விழுங்குசெல்லைக் காட்டும் சிடி68, புறப்படலச் செல்லைக் காட்டும் கெரட்டின் ஆகிய எதிர்ப்பொருள் சாயங்கள் இவ்விரண்டையும் பிரித்துக்காட்டும். மறுதலையாக, தாழ்நிலைப் புற்றில் பெரிய கோழைப் பைகளே மேலோங்கி, புற்றுச் செல்கள் சுவரின் ஒரு பகுதியில் மட்டும் இருக்கக்கூடும். கட்டியின் சிறு துணுக்கை மட்டும் ஆராய்ந்தால் அப்பகுதி தவறிவிடும். முழுக்கட்டியையும் அதனோடு இணைந்த சுரப்பியையும் அனுப்புதல் இதனால் இன்றியமையாததாகிறது.

6. வேற்றுநோய் அறிதல்: படுகைச் சூழல்

வெற்றிலை மெல்லுவோரின் வாயில் கோழைக் கட்டியை ஒத்த பிற நோய்களும் தோன்றுகின்றன. பாக்கு மெல்லுவதால் வரும் சப்மியூகஸ் ஃபைப்ரோசிஸ் என்னும் நாரிறுக்க நோயின் தொடக்க நிலையில் எரிச்சலும், அண்ணத்தில் சிறு கொப்புளங்களும் காணப்படும். காரமான உணவை உண்ண இயலாமையும், நாளடைவில் வாய் திறப்பு குறைவதும், உட்சவ்வு வெளிறிக் கடினமாவதும் இந்நோயைப் பிரித்துக்காட்டும். இது புற்றாக மாறக்கூடிய நிலை. அண்ணத்தில் அடிக்கடி தோன்றும் கொப்புளத்தை மேலோட்டக் கோழைக் கட்டி என்று குறிப்பதற்கு முன், நோயாளியின் வாய் எத்தனை மில்லிமீட்டர் திறக்கிறது என்பதை அளந்து எழுதுதல் நன்று.

புகையிலையைக் கன்னத்தில் அடக்குவோரிடம் அவ்விடத்திலேயே வெண்படலம், சிவந்த திட்டு, ஆறாப் புண் ஆகியன தோன்றக்கூடும். தட்டைச் செல் புற்று பொதுவாக அடிப்பகுதி இறுகிய, விளிம்பு தடித்த புண்ணாகத் தோன்றும். கோழைக் கட்டியோ வழவழப்பான சவ்வால் மூடப்பட்டு மென்மையாக இருக்கும். இவ்வேறுபாடு தேவையற்ற அச்சத்தை நீக்கப் பயன்படும். எனினும் உமிழ்நீர்ச் சுரப்பியின் புற்று இவ்விதிக்கு உட்படுவதன்று. அது வழவழப்பான சவ்வின் அடியிலேயே வளரும், நீலநிறம் பெறும், மென்மையாகவும் இருக்கும்.

இங்குதான் இடம் என்னும் கூறு முதன்மை பெறுகிறது. கீழுதட்டில் இளையோரிடம் தோன்றும் மென்வீக்கம் பெரும்பாலும் கோழைக் கட்டியே. மேலுதட்டில் கோழைக் கட்டி அரிது. அங்குத் தோன்றும் முடிச்சு சுரப்பிக் கழலையாக இருக்கும் வாய்ப்பே மிகுதி. கடைவாய்ப்பல்லுக்குப் பின்னுள்ள பகுதியிலும் அண்ணத்தின் பின்பகுதியிலும் தோன்றும் நீலநிற வீக்கம், வேறுவிதமாக மெய்ப்பிக்கப்படும்வரை மியூகோஎபிடெர்மாய்டு புற்று எனவே ஐயுறத்தக்கது. அவ்விடத்தில் ஊசியிட்டு நீர்மத்தை வெளியேற்றி, வீக்கம் வற்றியதைக் கண்டு நிறைவடைதல் நோயாளிக்கு இழப்பாக முடியலாம்.

குருதிநாளக் கட்டி அழுத்தினால் வெளிறும். கோழைக் கட்டி வெளிறாது. கன்னத்தைத் தொடர்ந்து கடிப்பதால் தோன்றும் நார்முடிச்சு கெட்டியானது. அளவில் ஏறி இறங்காது. இந்தியச் சூழலில் நாடாப்புழுவின் இளவுரு உதட்டிலோ நாக்கிலோ தங்கி உண்டாக்கும் பையும் கோழைக் கட்டி எனவே கருதி அகற்றப்பட்டு, நுண்ணோக்கியின்கீழ் மட்டும் இனங்காணப்படுவதுண்டு. அந்நோயாளிக்கு மூளையிலும் அதே புழு தங்கியுள்ளதா என ஆராயும் தேவை எழுகிறது. சிறு கட்டியென்று திசுவை எறிந்துவிட்டால் இவ்வாய்ப்பு முற்றிலும் இழக்கப்படும்.

7. மருத்துவ முறைகள்

மேலோட்டக் கட்டிகள் பெரும்பாலும் தாமே ஆறும். பச்சிளங் குழந்தைகளிடம் தோன்றுபவையும் சில காலம் கண்காணித்தபின் மறைவதுண்டு. ஏனையவற்றுக்குக் கட்டியோடு அதற்குக் கோழை வழங்கும் சிறுசுரப்பிகளையும் சேர்த்து அகற்றுவதே நிலையான முறை. ஊசியால் குத்தி நீர்மத்தை வெளியேற்றினால் கட்டி தற்காலிகமாக வற்றும். சுரப்பியும் சிதைந்த நாளமும் அவ்வாறே இருப்பதால் மீண்டும் எழும். தையலிழையைக் கட்டியினூடே செலுத்திப் புதிய வடிகால் அமைக்கும் நுண்முறை சிறாருக்கு ஏற்றது. லேசர், குளிர்விப்பு, ஸ்டீராய்டு ஊசி ஆகியனவும் கையாளப்படுகின்றன. கட்டியை எரித்தோ உறையவைத்தோ அழிக்கும் முறைகளில் ஆராய்வதற்குத் திசு எஞ்சாது என்னும் குறை உண்டு. ரானுலாவைப் பொறுத்தவரை, கூரையை மட்டும் திறந்துவிடுதலைவிட நாவடிச் சுரப்பியை அகற்றுதல் மீள்வரவைப் பெரிதும் குறைக்கிறது.

கீழுதட்டில் செய்யப்படும் அறுவையில் உணர்நரம்பின் நுண்கிளைகள் பாதிக்கப்பட்டால் உதட்டில் மரமரப்பு தோன்றலாம். இப்பகுதியில் இது தனிக் கவனத்துக்குரியது. காவிரிக்கரை நாகசுவர இசையின் தாயகம். நரசிங்கம்பேட்டையில் செய்யப்படும் நாகசுவரம் 2022இல் புவிசார் குறியீடு பெற்றது. அதன் சீவாளிக்குத் திருவாவடுதுறை பெயர்பெற்றது. சீவாளியை உதடுகளால் பற்றி, அழுத்தத்தை நுட்பமாக மாற்றி இசைக்கும் கலைஞருக்கு உதட்டின் உணர்வும் நெகிழ்வுமே தொழிற்கருவி. அத்தகையோருக்கு அறுவை செய்யுமுன் தொழிலைக் கேட்டறிதல், வடுக் குறைவாக அமையும் கீறலைத் தேர்தல், புண் முழுதும் ஆறும்வரை வாசிப்பை நிறுத்திவைத்தல், அதற்கேற்பக் கச்சேரிக் காலத்தைத் தவிர்த்து அறுவைக்கு நாள் குறித்தல் ஆகியன மருத்துவத்தின் பகுதியாகவே கொள்ளத்தக்கவை.

1959இல் தொடங்கப்பட்ட தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியும், கொள்ளிடத்திற்கு அப்பால் சிதம்பரத்தில் உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியும் இப்பகுதி மக்கள் அணுகக்கூடிய கல்வி மருத்துவ நிறுவனங்களாக உள்ளன. சிற்றூரில் கட்டியை அகற்றும் பல் மருத்துவர், திசுவைப் பார்மலின் இட்ட சிறு புட்டியில் அடைத்து, நோயாளியின் வயது, கட்டியின் இடம், அளவு, உடைந்து எழுந்த வரலாறு, வெற்றிலை புகையிலைப் பழக்கம் ஆகியவற்றை எழுதித் திசு ஆய்வுக்கு அனுப்பினால் போதும். அப்புட்டிக்கு ஆகும் செலவு சிறிது. அது தரும் உறுதி பெரிது.

முடிவுரை

வாய்க் கோழைக் கட்டி எளிய நோய். அதனை அறிவதில் நேரும் பிழை எளியதன்று. பெரும்பாலான கட்டிகள் நாளச் சிதைவால் கசிந்த கோழையைச் சுற்றி உடல் எழுப்பிய சுவரே என்பதும், உண்மையான பைகள் சிறுபான்மையே என்பதும் திசு ஆய்வால் தெளிவாகின்றன. கீழுதட்டில் தோன்றும் மென்வீக்கத்தைக் கண்டு வெற்றிலைப் பழக்கமுடையோர் புற்றென அஞ்சவேண்டியதில்லை. எனினும் அகற்றிய கட்டியை ஆராயாமல் விடுதல் கூடாது. மேலுதடு, அண்ணம், கடைவாய்ப் பின்பகுதி ஆகிய இடங்களில் தோன்றும் வீக்கத்தை நீர்க்கட்டி என்னும் பெயரால் எளிதாகக் கொள்ளுதலும் கூடாது. சலார்புதம் என்றும் உபசிக்விகை என்றும் பண்டையோர் இடங்கண்டு பெயரிட்டதும், சரபோசி மன்னரின் மருத்துவர் நோயாளியின் நிலையை எழுதிவைத்ததும், இக்காலத்தார் நுண்ணோக்கியில் திசுவைக் காண்பதும் ஒரே நெறியின் படிநிலைகள் எனலாம். இடத்தைக் குறித்தல், வரலாற்றைக் கேட்டல், திசுவை ஆராய்தல் ஆகிய மூன்றும் இணையும்போதே அச்சமும் அலட்சியமும் ஒருங்கே நீங்கும்.